ஒப்பினெல், விக்டோரினாக்ஸ், ஹிகோனோகாமி: பினாங்கு ஈரத்துக்கு எது ஒத்துப்போகும்?

வாங்கிய அன்று நகம் பட்டதும் திறந்த ஒப்பினெல் மடக்குக் கத்தி, அக்டோபர் மழை இரண்டு வாரம் பிடித்ததும் நகம் பெயர்ந்தாலும் வராது என்று அடம்பிடிக்கும். கத்தியில் பழுது எதுவும் இல்லை. கைப்பிடி பீச் மரம். பினாங்குக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். மரம் ஈரத்தைக் குடித்து ஊதி, இரண்டு பக்கமும் அலகைக் கவ்விக்கொண்டுவிட்டது.

மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் எஃகைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுவார்கள். இந்த ஊரில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: கத்தியை மடக்கி வைத்த பின் ஈரம் எங்கே போய் உட்காருகிறது? மரத்தில் உட்கார்ந்தால் ஒரு வைத்தியம், ஸ்பிரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தால் வேறு வைத்தியம். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படும் மூன்று பெயர்களை அந்தக் கண்ணோடு பார்த்தால் தேர்வு சுலபமாகும். மூன்றும் ஏறக்குறைய ஒரே தலைமுறைப் பிள்ளைகள். ஜோசப் ஒப்பினெல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் தன் கத்தியைச் செய்யத் தொடங்கியது 1890-இல். விக்டோரினாக்ஸை நிறுவிய கார்ல் எல்செனர் சுவிட்சர்லாந்தில் தன் ‘அதிகாரிக் கத்தி’யைப் பதிவு செய்தது 1897 ஜூன் 12-இல். ஜப்பானின் மிக்கி நகரத்து ஹிகோனோகாமியும் அதே 1890-களின் சரக்கு.

ஒப்பினெல்

எண்கள்தான் இதன் மயக்கம். 2-ஆம் எண்ணின் அலகு 3.5 செ.மீ., 12-ஆம் எண்ணுக்கு 12 செ.மீ. நடுவில் 11 இப்போது வருவதில்லை, 1-ம் அப்படியே. வரிசையை நிரப்பும் ஆசை யாரையும் விடாது. ஆனால் கைக்கும் பைக்கும் பொருந்துவது 8.5 செ.மீ. அலகுள்ள 8-ஆம் எண்தான். 6-ஆம் எண்ணிலிருந்து மேலே கழுத்தில் ஒரு சுழல் வளையம் உண்டு. விரோப்ளோக் என்று பெயர், 1955-இல் வந்தது. அலகு திறந்திருக்கும்போது அதைத் திருப்பினால் கத்தி விரல்மேல் மடங்காது. 2000-இலிருந்து வரும் வளையம் மூடிய நிலையிலும் பூட்டும். பழைய சரக்கு என்று சொல்லி விற்கப்படும் ஒன்று மூடிய நிலையிலும் பூட்டினால், அது அந்த ஆண்டுக்குப் பிந்தியது. அல்லது வளையம் மாற்றப்பட்டது.

இரண்டு எஃகில் கிடைக்கும். அலகில் ‘கார்போன்’ என்ற முத்திரை இருந்தால் துருப்பிடிக்கும் கார்பன் எஃகு. ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் எவர்சில்வர் வகை. கார்பன் சீக்கிரம் கூராகும், கூர் தீட்டும்போது கல்லில் வழுக்காது. புளிப்பான மாங்காயை அறுத்துவிட்டு இரண்டு நிமிடம் துடைக்காமல் வைத்தால் நீலமும் சாம்பலும் கலந்த மேகம் அலகில் படியும். சிலருக்கு அந்த நிறத்துக்காகவே கார்பன் வேண்டும். முதல் சில நாள் பழத்தில் இரும்பு வாடை அடிக்கும், பிறகு குறைந்துவிடும். கருமையையும் துருவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விரலால் தேய்த்தால் ஒட்டாத சாம்பல் நிறம் ஓரளவுக்குக் காப்பு. செம்பழுப்புத் தூளாக ஒட்டினால் துரு; அன்றைக்கே எடுக்காவிட்டால் அடியில் குழி விழும்.

இறுகிய கத்தியைத் திறக்க அந்த மலைக்காரர்களிடமே ஒரு வித்தை உண்டு. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, கைப்பிடியின் வால்முனையை மரப்பலகை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நிரந்தர வைத்தியத்துக்கு வளையத்தைச் சர்க்ளிப் பிளையரால் சற்றே விரித்துக் கழற்ற வேண்டும். கத்தியைச் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் நாலைந்து நாள் வைத்து மரத்தை முதலில் உலர விட வேண்டும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்; ஊதிய மரத்தை அப்படியே தேய்த்து, பிறகு மரம் சுருங்கியதும் அலகு பக்கவாட்டில் ஆடுகிறது என்று புலம்புகிறார்கள். உலர்ந்த பிறகும் இறுக்கமாக இருந்தால் மட்டும், ஐஸ்கிரீம் குச்சியில் 240 எண் உப்புத்தாளைச் சுற்றி, பிளவின் உட்பக்கங்களைப் பக்கத்துக்குப் பத்துத் தேய்ப்புக்கு மேல் போகாமல் தேய்க்கலாம். அப்புறம் மெழுகுவத்தியைப் பிளவிலும் அச்சாணி ஓரத்திலும் தடவி, முடி உலர்த்தும் டிரையரின் சூட்டில் உருக்கி இறக்க வேண்டும். மெழுகு குடித்த மரம் ஈரத்தைக் குடிப்பது வெகுவாகக் குறையும். வெயிலில் காய வைப்பது வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கீறல் விடும்.

இங்கே கையில் வைத்துப் புழங்க 8-ஆம் எண் இனாக்ஸ் போதும். கார்பன், அன்றன்றைக்குத் துடைக்கிறவர்களுக்கு மட்டும்.

விக்டோரினாக்ஸ்

மரம் இல்லை என்பதே பாதி வெற்றி. ஆனாலும் ‘துருப்பிடிக்காத எஃகு’ என்ற பெயரை நம்பிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கழுவாமல் வைத்தால், நாலு நாளில் மடிப்புகளுக்கிடையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசியும். ஈரம் இங்கே உட்காருவது ஸ்பிரிங்குக்கும் அலகுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். பையின் நூல்துகளும் மணலும் அதைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கும். எல்லாக் கருவியையும் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி ஒவ்வொன்றையும் பத்து முறை திறந்து மூடி, உதறி, உலர்த்தி, மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். ஒரு சொட்டுதான். அதற்கு மேல் போனால் எண்ணெயே தூசியை அழைத்து வரும்.

அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56. சேர்ப்பவர்களில் ஒரு சாரார் இதை ‘மெத்தை எஃகு’ என்று கேலி செய்வார்கள். சீக்கிரம் மழுங்கும், உண்மைதான். ஆனால் 1000 எண் கல்லில் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிக்குள் பிடித்து ஐந்து நிமிடம் தீட்டினால் திரும்பி வரும். எலும்பில் பட்டாலும் பல்விழாமல் மடங்கும். ஸ்பிரிங் இன்னும் மிருதுவாக 49-இல் இருக்கிறது. அது உடையாமல் வளைய வேண்டிய பாகம்.

கைப்பிடியில் இரண்டு கட்சி. சிவப்புப் பிளாஸ்டிக்கான செல்லிடோர், கீழே விழுந்தால் மூலை உடையும், சாவிக்கொத்தோடு கிடந்தால் கீறும். அலாக்ஸ் என்பது மேடுபள்ளம் அச்சடித்த அலுமினியத் தகடு; ஊதாது, உரியாது. பல்குச்சியும் இடுக்கியும் அதில் வராது, அவ்வளவுதான் குறை. இந்த ஊர்க் காற்றுக்கு 93 மி.மீ. அலாக்ஸ் ‘பயனியர்’ மாதிரியைத் தோற்கடிக்க இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

சேகரிப்பு ருசியும் அங்கேயே இருக்கிறது. சுவிஸ் ராணுவத்துக்கு 1961 முதல் 2008 வரை போன அலாக்ஸ் சிப்பாய்க் கத்தியில் அலகின் அடிப்பகுதியில் இரண்டு இலக்க ஆண்டு முத்திரை இருக்கும். 74 என்றால் 1974. அதே மாதிரியை வெங்கர் நிறுவனமும் ராணுவத்துக்குச் செய்து தந்தது. 2005-இல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. ஆண்டுவாரியாக, இரண்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாக என்று அடுக்கத் தொடங்கினால் இழுப்பறை நிறைவதே தெரியாது.

ஹிகோனோகாமி

பூட்டு இல்லை, ஸ்பிரிங் இல்லை. மடித்த பித்தளைத் தகடு, ஒரு அலகு, ஒரு ரிவிட் ஆணி. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் ‘சிகிரி’ என்ற நெம்புகோலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடிக்க, அலகு நிற்கிறது. ஜப்பானியப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி இது. மிக்கியில் அதிகாரப்பூர்வமாக இந்தப் பெயரில் செய்வது இன்று நாகாவோ கானேகோமா என்ற ஒரே பட்டறை. அச்சு அசலான போலிகள் ஏராளம். கைப்பிடியில் கான்ஜி எனும் ஜப்பானிய எழுத்தில் உள்ள முத்திரை மழுங்கலாகவோ எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டோ இருந்தால் கையை எடுத்துவிடலாம்.

நல்ல ரகத்தில் ‘ஆவோகாமி’ எனும் நீலக்காகித எஃகு நடுவிலும் மிருதுவான இரும்பு இரு பக்கமும் இருக்கும். கூர் மூன்றிலும் இதற்குத்தான் அதிகம். துருவும் இதற்குத்தான் அதிகம். தீட்டுவது எளிது: சரிவு முழுதும் கல்லில் படியப் படுக்க வைத்து 1000 எண் நீர்க்கல்லில் தீட்டினால் கோணம் தானாக அமையும். தீட்டி முடித்ததும் நீரை உள்ளே விட்டு மடக்கினால், மறுநாள் காலை அலகின் முதுகில் செந்நிறக் கோடு. பித்தளையில் களிம்பு ஏறும். புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும், ஆனால் புளித்தண்ணீர் ரிவிட்டுக்குள் இறங்கினால் எஃகு கெடும். துணியில் தொட்டுத் தேய்த்து உடனே ஈரத்துணி, உடனே உலர்துணி. அலகு தொளதொளத்தால் ரிவிட்டின் தலையை இரும்புப் பட்டையில் வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கூடிப் போனால் இறுகும். இறுகியதைத் தளர்த்துவது தொளதொளத்ததை இறுக்குவதைவிட மும்மடங்கு வேலை.

அழகுக்கும் கூருக்கும் முதலிடம். அலமாரியில் போட்டு மறக்கிறவர்களுக்குக் கடைசி இடம்.

பழைய சரக்கு

பழைய கத்தி தேடப் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் காலைச் சந்தை, கோலாலம்பூரில் பாசார் காராட் எனும் பழம்பொருள் சந்தை. மலாயில் ‘காராட்’ என்றால் துரு என்பது பெயர்ப்பொருத்தம். விரிப்பில் கிடப்பதை எடுத்ததும் முத்திரையைப் பார்ப்பதற்கு முன் அலகைத் திறந்து மேலும் கீழுமாக, பிறகு பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். விக்டோரினாக்ஸில் பக்கவாட்டு ஆட்டம் என்றால் ரிவிட் தேய்ந்தது. மடக்கினால் அலகின் நுனி கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்தால் நுனி உடைந்து சாணை பிடிக்கப்பட்டிருக்கிறது. அலகின் அடிப்பகுதியில் வாய் உள்வாங்கி வளைந்திருந்தால் மின்சாணையில் கொடுத்துத் தின்னப்பட்டது. அத்தோடு எஃகின் பதமும் சூட்டில் போயிருக்கலாம், வாயோரம் நீலநிறம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துருவைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். குழி விழாத துருவை எண்ணெயும் 0000 எண் எஃகுக் கம்பளியும் எடுத்துவிடும். முத்திரை இருக்கும் பக்கத்தில் மட்டும் கம்பளி வேண்டாம், பித்தளைத் துண்டால் சுரண்டினால் போதும்.

டப்பாவும் எண்ணெயும்

தோலுறைக்குள் வைத்துச் சேமிப்பது இங்கே நடக்கும் பெரிய தவறு. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகோடு ஒட்டும். கேமராக்காரர்களின் உலர்பெட்டி 45 முதல் 50 சதவீதத்தில் நின்றால் மரத்துக்கும் எஃகுக்கும் சரி. அதற்கும் கீழே இறக்கினால் ஒப்பினெல் கீறல்விடும். பெட்டி இல்லாதவர்களுக்கு இறுக மூடும் டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். வீட்டில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெயைத் தடவுவது கூடாது. நாளானால் கெட்டு வாடையடிக்கும். உணவுத்தர மினரல் எண்ணெய் கெடாது, பழம் நறுக்கும் கத்திக்கும் பயமில்லை.

ஒரு எச்சரிக்கை: பழைய ஜெர்மானிய, அமெரிக்கக் கத்திகளில் முத்துபோல் மின்னும் செல்லுலாய்டு கைப்பிடி இருந்தால் அதை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. அது சிதையும்போது வெளியிடும் அமில வாயு பக்கத்துக் கத்திகளையும் துருவாக்கும். காற்றோட்டமான இடத்தில், தனியே.

கண்டெடுத்ததைக் காட்டுவது

மற்ற சேர்ப்பவர்களுக்குக் காட்டவும் விற்கவும் படம் எடுப்பது சுத்தம் செய்வதற்கு முன். மூடிய நிலையில் இரு பக்கம், திறந்த நிலையில் இரு பக்கம், முத்திரை மட்டும் நெருக்கத்தில், அளவுகோலோடு ஒன்று, மடிப்புகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதா என்று விளக்குக்கு எதிரே ஒன்று. குறையை முதல் வரியிலேயே எழுதினால் விலை பேசும்போது மனக்கசப்பு வராது.

சேர்ப்பவர்கள் நேரில் கூடினால் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவது உத்தமம். மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) மேசையில் தே தாரிக் எனும் ஆற்றிய பால் தேநீருக்கு நடுவே பத்துக் கத்தியைப் பரப்புவது ரசமான காட்சிதான்; ஆனால் மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு அரிக்கும் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதங்கள் சட்டத்தில், தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதற்குச் சிறையும் பிரம்படியும் உண்டு. போகும் வழியில் மூடிய பெட்டியில், பையின் அடியில். பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கும் கத்தி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். கோலாலம்பூருக்கு விமானத்தில் போகிறவர்கள் பெட்டியைச் சரக்கில் போட வேண்டும், கைப்பையில் விட மாட்டார்கள்.

கைமாறும்போது மடக்கித்தான் தர வேண்டும். ஹிகோனோகாமியில் பூட்டு இல்லாததால் புதியவர் வாங்கும் முன் நெம்புகோலில் விரல் வைப்பது எப்படி என்று ஒருமுறை காட்ட வேண்டும். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் அன்றிரவே ஒவ்வொரு அலகையும் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்க வேண்டும், கார்பன் எஃகை முதலில். வியர்வையின் உப்பு அலகில் தங்கிவிட்டால், ஒரு வாரம் கழித்து டப்பாவைத் திறக்கும்போது தொட்டவரின் கைரேகை அப்படியே துருவாகப் பதிந்திருக்கும்.