கடலை ஆகாத பிள்ளைக்கு ஆன்லைன் மளிகை: நாலு வருஷ அனுபவம்

என் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. மூன்று வயதில் ஒரு துண்டு கடலைமிட்டாய் தின்றாள். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த நேரம் இன்னும் என் வயிற்றைப் பிசைகிறது. இப்போது அவளுக்கு ஏழு வயது.

அதற்கு முன்னால் எங்கள் மளிகை எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில்தான். ஆனால் சில்லறையாக அள்ளிப் போடும் கடையில் நிலக்கடலை மூட்டைக்குள் போன அதே கரண்டிதான் பொட்டுக்கடலைக்குள்ளும் போகும். பாக்கெட் என்றால் படிக்க லேபிளாவது இருக்கும். அப்படித்தான் ஆன்லைனுக்கு மாறினேன்.

முதல் வருஷம் செய்த தப்பு, ஆப்பில் பொருளின் பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பியது. 'நட் ஃப்ரீ', அதாவது கொட்டை இல்லாதது என்று தேடினேன். வந்த வரிசையில் கடலை பர்பியும் இருந்தது. நிலக்கடலை பயறு இனம்தான், முந்திரி, பாதாம் மாதிரி மரத்துக் கொட்டை கிடையாது. அதனால் அந்தச் சொல்லை நம்பிப் பயனில்லை. தமிழில் இன்னும் குழப்பம். கடலைப்பருப்பு, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலை மாவு எல்லாம் கடலைதான், எதுவும் நிலக்கடலை இல்லை. விற்பவரிடம் பேசும்போது 'நிலக்கடலை, வேர்க்கடலை' என்று இரண்டு பெயரையும் சொல்லியே கேட்பேன்.

நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிப்படி நிலக்கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்றவை சேர்ந்திருந்தால் 'கன்டெய்ன்ஸ்' (இருக்கிறது) என்று தனியாக அச்சிட வேண்டும். தெரியாமல் கலந்துவிட வாய்ப்பிருந்தால் 'மே கன்டெய்ன்' (இருக்கலாம்) என்று போடலாம். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான், எது இருந்தாலும் வாங்க மாட்டோம். அந்தப் பட்டியலில் எள் இல்லை. எள் ஆகாதவர்கள் சேர்மானப் பட்டியலை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை படித்தே ஆக வேண்டும். பலகாரத்தில் எண்ணெயையும் விடாதீர்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும்.

லேபிளே இல்லாத வீட்டுத் தயாரிப்புதான் கடினம். ஏற்காட்டிலிருந்து வீட்டில் செய்த சாக்லேட் அனுப்பும் ஒரு அக்காவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "கடலை போடுறீங்களாக்கா?" என்றதற்கு "இந்த வகையில இல்லைங்க" என்றார். "கடலை போட்ட சாக்லேட்டையும் இதே ட்ரேயிலதான் ஊத்துவீங்களா?" என்று அடுத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "ஆமாங்க, ஒரே ட்ரேதான். பாப்பாவுக்கு வேண்டாங்க" என்று அனுப்பினார். விற்பனை போனாலும் உண்மையைச் சொன்னாரே! காப்பித்தூளும் மிளகும் இன்றைக்கும் அவரிடம்தான் வாங்குகிறேன். முதல் கேள்வியோடு நிறுத்தாமல் ட்ரே, மிக்ஸி, வாணலி பற்றியும் எல்லோரும் கேட்க வேண்டும்.

சீக்கிரம் கொண்டுவரும் ஆப்களில் 'இல்லையென்றால் மாற்றுப் பொருள் அனுப்பவும்' என்று ஓர் இடம் இருக்கும். அதை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பாக்கெட் வந்ததும் பின்பக்கத்தைப் படிக்காமல் டப்பாவில் கொட்டுவதில்லை. அதே பிராண்டு, அதே பொருள் என்றாலும் சரி. சின்ன பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் வேறு வேறு ஆலையிலிருந்து வரலாம். கொட்டிய பிறகு பாக்கெட்டின் பின்பக்கத்தை வெட்டி டப்பாவில் ஒட்டி வைப்பேன். என் மாமியாருக்கு இப்போது அதைப் பார்க்காமல் கை போகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். மூச்சுத் திணறினால் அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே 108. அந்த நேரத்தில் தேவை எபினெஃப்ரின் (அட்ரினலின்) ஊசி.

போன மாசம் வழக்கமாக வாங்கும் பருப்புப் பொடி வந்தது. பாக்கெட்டின் நிறம் லேசாக மாறியிருந்தது. திருப்பிப் பார்த்தால் சேர்மானத்தில் நாலாவதாக நிலக்கடலை! ஆப்பின் பக்கத்திலோ பழைய பாக்கெட்டின் படம். உணவுப் பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பாக்கெட்டின் போட்டோவையும் சேர்த்து அனுப்பினேன், மூன்றாம் நாள் பணம் வந்தது. படத்தையும் மாற்றச் சொல்லி இரண்டு தடவை எழுதிவிட்டேன். நேற்று ராத்திரி பார்த்தேன், பழைய படமேதான் இருக்கிறது.