கேம்பாய் பிளேயர்: கையடக்க ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் ஆட ஒரு நல்ல கருவி

தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கேம்கியூப் விளையாட்டுக் கருவிக்காக நின்டெண்டோ 2003ஆம் ஆண்டு வெளியிட்ட கேம்பாய் பிளேயரை இன்று பழைய பொருள் சந்தையில் தேடி வாங்குவது தகுமா என்று கேட்டால், தகும் என்றே சொல்வேன். கேம்கியூபின் அடியில் உள்ள மூடியைக் கழற்றிவிட்டு இந்தக் கருவியைப் பொருத்தினால், கேம்பாய், கேம்பாய் கலர், கேம்பாய் அட்வான்ஸ் ஆகிய மூன்று கையடக்கக் கருவிகளின் கேட்ரிட்ஜ்களையும் (ஆட்டம் பதிந்த சிறு பெட்டிகள்) அதன் முன்புறத் துளையில் செருகி ஆடலாம். கேம்பாய் அட்வான்ஸின் வன்பொருளே இதற்குள் இருப்பதால், ஒரு கருவியைப் போலவே நடிக்கும் மென்பொருள் எமுலேட்டர்களில் தலைகாட்டும் ஒலிப் பிசகுகளும் ஒத்துவராமைகளும் இங்கே இல்லை. கேம்பாய் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் ஆட 1994இல் வந்த சூப்பர் கேம்பாய், அது பொருத்தப்பட்ட சூப்பர் நின்டெண்டோ கருவியின் கடிகாரத்தைச் சார்ந்து இயங்கியதால் ஆட்டங்களைச் சுமார் 2.4 விழுக்காடு வேகமாக ஓட்டியது. இதில் அந்தக் குறையும் நீங்கிவிட்டது.

2001இல் வந்த முதல் கேம்பாய் அட்வான்ஸின் திரைக்கு விளக்கே கிடையாது. மேசை விளக்கின் கீழ் அதைச் சாய்த்துப் பிடித்துக் கண்ணை இடுக்கி ஆடியவர்களுக்கு, 240க்கு 160 புள்ளிகள் கொண்ட அதே படம் தொலைக்காட்சியில் துலங்கும்போது மறைந்திருந்த நுணுக்கங்களெல்லாம் கண்ணில் படும். அந்த மங்கலான திரையை ஈடுகட்டவே பல ஆட்டங்களில் நிறங்களை வேண்டுமென்றே தூக்கலாக வைத்திருந்தார்கள். அவை இங்கே சற்று மிகையாகத் தெரிவது உண்மைதான், ஆனால் தொலைக்காட்சியின் நிற அமைப்பைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும். எனக்கு உறுத்துவது பின்னணி நகரும்போது அவ்வப்போது தோன்றும் சிறு தடுக்கல்: கையடக்கக் கருவி வினாடிக்கு ஏறத்தாழ 59.73 படங்களைக் காட்ட, அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சி முறை 59.94 படங்களை எதிர்பார்க்கிறது.

இசட் பொத்தானை அழுத்தினால் படத்தின் அளவையும் சுற்றியுள்ள சட்டத்தையும் மாற்றும் பட்டியல் வரும். கேம்கியூப் கட்டுப்பாட்டுக் கருவியின் சிறிய திசைப் பொத்தான் பெரிய கைகளுக்கு வசதியாக இராது. இணைப்புக் கம்பி இருந்தால் கேம்பாய் அட்வான்ஸையே கட்டுப்பாட்டுக் கருவியாகப் பயன்படுத்தலாம், அதையே நான் விரும்புகிறேன். மரியோ அண்ட் லூயிஜி சூப்பர்ஸ்டார் சாகா போன்ற சில ஆட்டங்களில் கையில் அதிர்வும் கிடைக்கும். கருவியைச் சாய்த்து ஆட வேண்டிய கேட்ரிட்ஜ்களுக்கு மட்டும் இது ஏற்றதல்ல.

வாங்கும்போது தொடக்க வட்டு இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அது இல்லாமல் கருவி தானாக இயங்காது. வட்டைத் தொலைத்துவிட்டுக் கருவியை மட்டும் விற்பவர்கள் ஏராளம். கேம்கியூபும் இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், பின்புறம் டிஜிட்டல் வெளியீட்டுத் துளை உள்ள தொடக்ககால மாதிரியையே தேர்ந்தெடுங்கள். பின்னாளில் வந்த மாதிரியில் அதை நீக்கிவிட்டதால், இன்றைய தட்டைத் திரைகளில் படம் குழைந்தே தெரியும்.