தாத்தாவின் .315: எட்டு வருடம் வைத்திருந்ததில் கண்டது

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் ரைஃபிள் இது. தாத்தா வாங்கியது, இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைத் தயாரிப்பு. எழுபது வயதைத் தாண்டியவர் தன் துப்பாக்கியை வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. அப்படித்தான் 2017-ல் அப்பாவிடமிருந்து என் லைசென்ஸுக்கு வந்தது. வேட்டைக்கென்று செய்த துப்பாக்கிதான். ஆனால் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு போயிற்று. காட்டுமாடு காபிச் செடியை மிதித்துக்கொண்டு நின்றாலும் நான் தகரத்தைத்தான் தட்டுவேன். இதை வைத்து நான் சுடுவதெல்லாம் சமவெளியில் இருக்கும் ஒரு ரேஞ்சில், காகித இலக்கை மட்டும்.

இதில் போடும் .315 தோட்டாவே ஒரு வினோதப் பிறவி. பிரிட்டிஷ்காரர்கள் .303 ராணுவத் தோட்டாவைப் பொதுமக்கள் கையில் விடவில்லை. கலகக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தால், திருடிய ராணுவத் துப்பாக்கியில் போட்டுத் தங்களையே சுடுவார்கள் என்ற பயம். .450 என்ற பெரிய தோட்டாவுக்கும் அதே கதிதான். 1907 தடைக்குப் பிறகு .470 மாதிரியான யானைத் தோட்டாக்கள் வந்ததே அதனால். அப்புறம் சாதாரண ஆளுக்கு என்ன கொடுப்பது? ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவைப் பிடித்தார்கள். 8 மில்லிமீட்டரை அங்குலத்தில் எழுதினால் 0.315. பெயரில் வேறு ரகசியம் எதுவும் இல்லை. தோட்டாவின் அடிவிளிம்பு ஏறத்தாழ .303 அளவுதான் என்பதால், .303 சுடும் ராணுவத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டின் போல்ட்டையே (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் தண்டு) வைத்துக்கொண்டு இதற்கேற்ற குழலைப் பூட்டிவிட்டார்கள். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் .303 இன்றும் தடைசெய்யப்பட்ட ரகம், .315 அப்படியில்லை. வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

என் கைக்கு வந்தபோது துப்பாக்கியின் மரக்கட்டை கைப்பிடிப் பக்கம் விரிசல் விட்டிருந்தது. லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் புதுக் கட்டை போடக் கொடுத்தேன். வேலை செய்தவர் எழுபதைத் தொட்ட ஒரு பாய். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை அளந்துவிட்டு, "தாத்தா நல்ல உசரமோ தம்பி?" என்றார். பழைய கட்டை எனக்கு ஒரு அங்குலம் நீளமாம். இத்தனை நாள் தோள் வலித்தது தோட்டாவின் உதையால் என்று நினைத்திருந்தேன். பாதி வலி அந்த ஒரு அங்குலத்தால்தான்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் குழலின் அடிப்பக்கத்தைக் காட்டிக் கரி பிடிக்கவிட்டார். அதை வால்நட் கட்டையின் பள்ளத்தில் அழுத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடம்தான் மேடு. அதை மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி புகை, மறுபடி அழுத்தல். நான் இருந்த மூன்று மணி நேரத்தில் ஒரு சாண் நீளம்கூட முடியவில்லை. மொத்தம் நான்கு மாதம் இழுத்தார், முன்பணத்துக்கு மேலும் இரண்டு முறை கேட்டு வாங்கினார். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது.

குறை மலைக்காற்றில் வந்தது. முதல் அக்டோபர் மழையில் கட்டை ஈரம் குடித்து உப்பி, குழலை ஒரு பக்கமாகத் தள்ளியது. ஐம்பது மீட்டரில் குண்டெல்லாம் நான்கு விரற்கடை இடது பக்கம் போனது. நான் குறிபார்க்கும் சைட்டைத் திருகித் திருகி ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்கினேன். பாய் சிரித்துக்கொண்டே ஓரத்தை லேசாகச் சுரண்டிவிட்டார். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் தடையில்லாமல் ஓட வேண்டும். இப்போதும் மழைக்காலம் வந்தால் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

தோட்டாவை அடுக்கி வைக்கும் மேகஸினில் ஐந்து தோட்டா பிடிக்கும். விளிம்புள்ள தோட்டா என்பதால் மேலே வைப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். மாறி உட்கார்ந்தால் போல்ட் தள்ளும்போது இரண்டும் மாட்டிக்கொண்டு நகராது. எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது. குண்டு 244 கிரெய்ன், கிட்டத்தட்ட 16 கிராம். கனமும் அதிகம், வேகமும் குறைவு. நூறு மீட்டருக்கு மேல் நான் முயல்வதில்லை.

தேர்தல் இன்னொரு தொல்லை. அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். 2019-ல் நாடாளுமன்றத்துக்கு ஒரு முறை, உள்ளாட்சிக்கு ஒரு முறை. அப்பா காலத்தில், 2013-ல், ஏற்காடு தொகுதிக்கென்றே ஒரு இடைத்தேர்தல் வேறு. 2024-ல் மார்ச் 16 அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. திரும்பி வந்தபோது, நான் சுற்றிக் கொடுத்த சணல் சாக்கு ஈரம் இழுத்து, போல்ட் மேல் செம்புள்ளி விழுந்திருந்தது. சாக்கில் சுற்றியது என் தப்பு. இப்போதெல்லாம் கெட்டி எண்ணெய் பூசி, மெழுகுத்தாளில் சுற்றித்தான் கொடுக்கிறேன்.

புதிதாக லைசென்ஸ் எடுக்கும் ஒருவர் கேட்டால் .315 வாங்கச் சொல்லமாட்டேன். சுட்டுப் பழக ஆசை என்றால் .22 வாங்குங்கள், தோட்டா மலிவு, தோளும் தப்பிக்கும். இதற்குத் தோட்டா விலையும் அதிகம், எப்போது கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. எட்டு வருடத்தில் நான் சுட்டது இருநூற்றுக்கும் குறைவு. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. கட்டையை உங்கள் கைக்கு வெட்டிக்கொள்ளுங்கள், அதற்கே பாதிச் செலவு தகும்.

பழைய கட்டையை அப்பா தூக்கிப் போடவிடவில்லை. மிளகு உலர்த்தும் தளத்துக் கதவுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறார்.