ஜாங்கோ புத்தகமா, எக்ஸ்பிரஸ் புத்தகமா?

வீடியோ பார்த்து பேக்எண்ட் (வலைத்தளத்துக்குப் பின்னால் சர்வரில் ஓடும் நிரல்) கற்றுக்கொள்வது எனக்கு ஒத்துவரவில்லை. நிறுத்தி, பின்னால் தள்ளி, அவர் எந்த ஃபைலில் தட்டினார் என்று தேடுவதற்குள் சொன்ன விஷயம் மறந்துவிடுகிறது. அதனால் புத்தகம்தான் என்று முடிவானது. எழுத வேண்டியிருந்தது ஒரு மொத்த வியாபாரக் கடைக்கான இருப்புக் கணக்கு. சரக்கு வரவு, பற்று, யார் பதிந்தார்கள் என்ற விவரம், கடை ஆட்களுக்கு லாகின், அவ்வளவுதான். பைத்தானில் ஜாங்கோ, நோட் ஜேஎஸ்ஸில் எக்ஸ்பிரஸ், ஜாவாவில் ஸ்பிரிங் பூட் என்று மூன்று ஃப்ரேம்வொர்க் (அதன் மேல் நிரல் எழுத ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம்) தெரிந்தது. நான் எடுத்தது ஜாங்கோ. இந்த ஒப்பீடும் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எல்லோரும் கேட்கும் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். பைத்தான் தெரிந்தவருக்கு ஜாங்கோ சுலபம், ப்ரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவருக்கு எக்ஸ்பிரஸ் சுலபம். வேலை மூன்றுக்கும் கிடைக்கிறது. வேகத்தைப் பற்றிய சண்டை, ஒரு கடையின் இருப்புக் கணக்குக்குத் தேவையே இல்லை. விலையும் பெரிய வித்தியாசமில்லை.

இதையெல்லாம் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது. அச்சில் இருக்கும் கோடு (நிரல் வரிகள்), நீங்கள் வாங்கிய நாளில், உங்கள் கணினியில் ஓடுமா? விவரம் தெரிந்தவருக்கு இது அரை மணி நேரத் தொல்லை. கற்றுக்கொள்பவருக்கு அப்படியில்லை. தப்பு தன்னுடையதா, புத்தகத்துடையதா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. நிறையப் பேர் நாலாவது, ஐந்தாவது அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடி வைப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இதில் எக்ஸ்பிரஸ்தான் ஜெயிக்க வேண்டும். அதன் நாலாவது வெர்ஷன் 2014-இல் வந்தது, ஐந்தாவது 2024-இல்தான் வந்தது. பத்து வருஷம் பெரிய மாற்றமில்லாமல் நின்ற ஃப்ரேம்வொர்க். ஆனால் எக்ஸ்பிரஸ் தன் கையால் செய்வது கொஞ்சம்தான்: வரும் கோரிக்கையை இன்ன ஃபங்ஷனுக்கு அனுப்பு, நடுவில் இன்ன மிடில்வேரை (இடைவேலை செய்யும் ஃபங்ஷனை) ஓட்டு. டேட்டாபேஸ், லாகின், டெம்ப்ளேட், ஃபார்மில் வந்த தகவலைச் சரிபார்ப்பது எல்லாமே வேறு வேறு பேக்கேஜ்கள் (பிறர் எழுதிய ஆயத்தக் கோடு). புத்தகம் எழுதியவர் தனக்குப் பிடித்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்திருப்பார். அவை ஒவ்வொன்றும் தன்தன் போக்கில் மாறும்.

மோங்கூஸ் என்ற பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். மோங்கோடிபி என்ற டேட்டாபேஸோடு பேச எக்ஸ்பிரஸ் புத்தகங்கள் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துக்கொள்கின்றன. பழைய புத்தகங்களில், ஃபைண்ட் என்று எழுதி அதற்குள் ஒரு கால்பேக் ஃபங்ஷனை (வேலை முடிந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷனை) கொடுப்பார்கள். முதல் இடத்தில் எர்ரர், இரண்டாவது இடத்தில் கிடைத்த தகவல். 2023-இல் வந்த மோங்கூஸ் 7 இந்தக் கால்பேக்கை அடியோடு எடுத்துவிட்டது. புத்தகத்தில் ‘மோங்கூஸை இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று ஒரே வரி இருக்கும், வெர்ஷன் எண் இருக்காது. நீங்கள் போட்டால் இன்றைய வெர்ஷன் வந்து உட்காரும். அப்புறம் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தாலும், இனிமேல் கால்பேக் ஏற்க மாட்டேன் என்று அது எர்ரர் காட்டும். திருத்தம் என்னவோ சின்னதுதான், கால்பேக்கை எடுத்துவிட்டு அவெய்ட் (‘பதில் வரும்வரை காத்திரு’ என்னும் சொல்) போட வேண்டும். ஆனால் அவெய்ட் நோடுக்கு வந்ததே 2017-இல். அதற்கு முந்தைய புத்தகம் என்றால் அந்தச் சொல்லே அதில் இருக்காது. அதாவது, இந்தப் புத்தகத்தை ஓட்டுவதற்கு வேறொரு புத்தகம் படிக்க வேண்டும்.

பரிகாரம் உண்டு. புத்தகத்தோடு தரும் கோடில் பேக்கேஜ் லாக் ஃபைல் இருந்தால், அதில் குறித்திருக்கும் வெர்ஷன்களையே நிறுவலாம். வாங்கும் முன் அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. எக்ஸ்பிரஸ் புத்தகம் நான் இரவல் வாங்கிப் பாதி வரைதான் படித்தது. பின்பாதியில் நிலைமை எப்படி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஜாங்கோவும் மாறாமல் இல்லை, ஏறக்குறைய எட்டு மாதத்துக்கு ஒரு வெர்ஷன் வருகிறது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பைத்தான் 2-ஐக் கைவிட்டது. முகவரிகளை எழுதும் முறை அதில் மாறியது, ஃபாரின் கீ (ஒரு பதிவை வேறொரு பதிவோடு இணைப்பது) போடும் இடத்தில் ‘மூலப் பதிவு அழிந்தால் என்ன செய்வது’ என்று எழுதுவது கட்டாயமானது. அதற்கு முந்தைய புத்தகம் கையில் சிக்கினால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன்.

ஆனால் இங்கே டேட்டாபேஸ், லாகின், டெம்ப்ளேட், ஃபார்ம், அட்மின் பக்கம் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. பெட்டிக்கு ஒரே எண். அந்த ஒரு எண்ணைப் புத்தகத்தோடு பொருத்திவிட்டால் ஏறக்குறைய எல்லாமே பொருந்திவிடும். 2.2, 3.2, 4.2, 5.2 என்று புள்ளிக்குப் பின் இரண்டு வரும் வெர்ஷன்களுக்கு நீண்டகால ஆதரவு, குறைந்தது மூன்று வருஷம். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் உரிய ஆவணங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், எண்ணை மாற்றி அந்தக் காலத்துப் பக்கத்தையே படிக்கலாம். புத்தகம் பழசு என்றால் மென்பொருளையும் அதே பழசாக நிறுவிக்கொண்டால் சரி. சொந்தக் கணினியில் கற்றுக்கொள்ள மட்டும்தான் இது. ஆதரவு முடிந்த வெர்ஷனை இணையத்தில் ஏற்றக் கூடாது.

இதில் ஒரு சிக்கல்: பைத்தானும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். ஜாங்கோ 2.2-ஐ பைத்தான் 3.12-இல் ஓட்டப் பார்த்தால், டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதியைக் காணோம் என்று தொடக்கத்திலேயே நின்றுவிடும். 3.12-இல் அதைப் பைத்தானிலிருந்து எடுத்துவிட்டார்கள். பைத்தான் 3.8-ஐப் பக்கத்தில் தனியாக நிறுவி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த வேலைக்கு மட்டுமான தனிப் பைத்தான் சூழல்) போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

வேண்டுமென்றே புது வெர்ஷனில் பழைய புத்தகத்தை ஓட்டினால்? அதையும் செய்து பார்த்தேன், அதில்தான் ஜாங்கோ எனக்கு இன்னும் பிடித்துப்போனது. ஜாங்கோவோடு வரும் லாக்அவுட் வியூவுக்கு (ஒரு முகவரிக்கு வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் கோடுதான் வியூ), பழைய புத்தகங்களில் மேலே மெனுவில் சாதாரண இணைப்பு ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை அழுத்தினால் வெளியேறிவிடலாம். 5.0-இல் அதே இணைப்பை அழுத்தினால் 405 என்ற எர்ரர் வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினலில் ‘மெத்தட் நாட் அலவ்ட்’ என்று, அடைப்புக்குள் கெட் என்று, லாக்அவுட் முகவரியோடு ஒரு வரி விழுகிறது. இணைப்பை எடுத்துவிட்டு, அதே இடத்தில் போஸ்ட் (நிலையை மாற்றும் கோரிக்கை) அனுப்பும் சின்ன ஃபார்மும் ஒரு பட்டனும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் (கோரிக்கை நம் தளத்திலிருந்தே வந்தது என்பதற்கான அடையாளம்) வைத்தால் வேலை செய்கிறது. காரணம் வெளியீட்டுக் குறிப்பிலிருந்தே தொடங்கிப் பிடிக்கலாம். கெட் என்பது பார்ப்பதற்கு, நிலையை மாற்றுவதற்கு இல்லை. கெட்டில் வெளியேற விட்டால், வேறொரு தளத்தில் இந்த முகவரியைப் படம் மாதிரி செருகி வைத்தே உங்களை வெளியேற்றிவிட முடியும். இது 4.1-இலேயே முன்கூட்டி அறிவித்த மாற்றம். எதை எப்போது எடுக்கப்போகிறோம் என்று எழுதி வைத்துவிட்டு எடுக்கிறார்கள், எர்ரரும் தடயம் கொடுக்கிறது.

ஜாங்கோவின் குறையையும் சொல்ல வேண்டும். அது நிறைய மறைக்கிறது. மாடலில் (டேட்டாபேஸில் என்னென்ன சேமிப்பது என்று எழுதும் இடம்) சில வரி எழுதியதும் அட்மின் பக்கத்தில் சரக்குப் பெயர், அளவு, விலை எல்லாம் போட ஃபார்ம் தயார். கடைக்காரருக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கோரிக்கை சர்வருக்கு எப்படி வந்தது, குக்கி எங்கே போனது என்று கேட்டால் முழிக்க வேண்டும். எக்ஸ்பிரஸில் கோரிக்கையும் பதிலும் முதல் பக்கத்திலிருந்தே கையில் இருக்கும். ஹெச்டிடிபி (ப்ரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்வதே நோக்கம் என்றால் எக்ஸ்பிரஸ் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களுக்கு ஈடு கிடையாது. அந்த மூன்று அத்தியாயங்கள் பழசாவதும் இல்லை.

ஸ்பிரிங் பூட் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. பேக்கேஜ் வெர்ஷன்களை அதுவே பொருத்திக் கொடுக்கிறது, அந்த வகையில் ஜாங்கோவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் 2022 நவம்பரில் வந்த மூன்றாவது வெர்ஷன் ஜாவா 17-ஐக் கேட்கிறது. ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பல இம்போர்ட்கள் ஜகார்த்தா ஆகிவிட்டன. அதைத் தேடி மாற்றிவிடலாம். செக்யூரிட்டி அத்தியாயம் அப்படியில்லை. பழைய புத்தகங்கள் எக்ஸ்டெண்ட் செய்யச் சொல்லும் கிளாஸே இப்போது இல்லை. ஜாவா வேலைக்குத்தான் போகிறீர்கள் என்றால் பூட் 3-ஐயோ அதற்குப் பிந்தையதையோ சொல்லும் புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றுக்கும் பொதுவாக, செயலியை இணையத்தில் ஏற்றும் கடைசி அத்தியாயத்தை நம்ப வேண்டாம். செயலிகளை இணையத்தில் ஏற்றித் தரும் ஹெரோகு சேவையின் இலவசத் திட்டம் 2022 நவம்பரில் முடிந்துபோனது. அதை வைத்து எழுதிய அத்தியாயங்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. நான் அந்தப் பகுதியைப் படிக்காமலே, சர்வர் வாடகைக்குத் தருபவரின் வழிகாட்டியைப் பார்த்து ஏற்றினேன்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்தால், அட்டையை விட்டுவிட்டு உரிமைப் பக்கத்தைத் திருப்புங்கள். மறுஅச்சு ஆண்டு புதிதாக இருக்கும், பதிப்பு ஆண்டு நாலைந்து வருஷம் முந்தியதாக இருக்கும். நமக்கு வேண்டியது பதிப்பு ஆண்டு. அப்புறம் முன்னுரையில் எந்த வெர்ஷன் என்று பாருங்கள். ஜாங்கோ என்றால் இப்போதைக்கு 5.2. அது 2025 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 4.2-க்கான புத்தகம் பாதி விலையில் கிடைத்தால் அதையும் வாங்கலாம், 5.2-இல் ஓட்டுவதாக இருந்தால் லாக்அவுட் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.