திருமங்கலம் – மதுரை தினப் பயணம்: பெட்ரோல் வண்டியா, மின் ஸ்கூட்டரா, டவுன் பஸ்ஸா?

திருமங்கலத்தில் குடியிருந்து மதுரையில் வேலை பார்ப்பவருக்குப் போக வர சுமார் 40 கிலோமீட்டர். 25 நாளைக்கு 1,000 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தே இந்தக் கணக்கு.

110 சிசி ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 2,245 ரூபாய். 100 சிசி பைக் 60 கொடுத்தால் 1,685. கார் லிட்டருக்கு 15 என்றால் 6,730, கப்பலூர் சுங்கச்சாவடியில் கட்டணம் கேட்டால் அது வேறு. செலவைப் பங்கு போட ஆள் இல்லாமல் காரை எடுப்பது வீண்.

வரி குறையும், பிறகு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபோது தன் விற்பனை வரியை (வாட்) விலையில் 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11.52 ரூபாய் என்று வகுத்தது. இதன்படி 101 ரூபாயில் ஏறக்குறைய 22 ரூபாய் மாநில வரி. மத்திய கலால் வரி சேர்ந்த விலைமீதுதான் அந்த 13 சதவீதம், அதாவது வரிக்கும் வரி. கச்சா எண்ணெய் சரிந்தாலும் 11.52 அசையாது.

மின் ஸ்கூட்டருக்கு, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு 3.5 யூனிட் போதும். யூனிட் 8 ரூபாய் என்றே போட்டாலும் மாதம் 280. பெட்ரோல் ஸ்கூட்டரைவிட 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கினாலும் 16 மாதத்தில் கைக்கு வந்துவிடும். மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் நாலு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குப் பழைய வண்டியே மேல்.

கவனிக்க வேண்டியது கரண்டு பில். இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் கூடும். ஏற்கெனவே 430-க்கு மேல் ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும், 101 முதல் 200 யூனிட் வரையிலான மலிவு விலையும் பறிபோகும். அப்போதும் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில் வராது. எர்த் சரியாக இருக்கும் தனி பிளக் பாயின்ட் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறி உருகும். சித்திரை வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுங்கள். லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்பது சூடுதான். மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் கழற்றும் பேட்டரி உள்ள வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அவர்களுக்குக் காசு இல்லாமல் பயணம். சொகுசு பஸ்ஸில் ஏறினால் காசு கொடுக்கத்தான் வேண்டும். வேலை ஜங்ஷன் பக்கம் என்றால் ஆண்களுக்கு ரயில் சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் வண்டி நேரம் உங்கள் வேலை நேரத்தோடு பொருந்த வேண்டும், முன்பதிவுப் பெட்டியில் அது செல்லாது.

பெட்ரோல் வண்டியையே வைத்துக்கொள்பவர்கள் வாரம் ஒருமுறை, டயர் சூடேறும் முன் காற்றைப் பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதன் எரியாற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஐப்பசி மழையில் டேங்க் மூடி ரப்பர் கிழிந்திருந்தால் உள்ளே போகும் தண்ணீரை எத்தனால் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும், காலையில் வண்டி அடைத்து அடைத்து நிற்கும்.