குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்: நான்கு வருடம் புழங்கிய பிறகு

எங்கள் வீட்டில் தண்ணீர் காய்ச்சாத நாள் கிடையாது. அப்படியும் பையனுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. கடலூரில் தென்பெண்ணைக் கரையோர ஊர். குழாய்த் தண்ணீரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

பஞ்சாயத்தில் தண்ணீர் சோதிக்கும் அக்கா ஒருநாள் சோதனை மருந்து போட்ட இரண்டு சின்ன பாட்டில் கொடுத்தார். ஒன்றில் காய்ச்சி ஆறியதுமே பிடித்த தண்ணீர். இன்னொன்றில் அதே தண்ணீர், ஒரு பகல் முழுக்கக் குடத்தில் இருந்தது. இரண்டு நாளில் குடத்துத் தண்ணீர் மை ஊற்றினாற்போல் கறுத்துவிட்டது. மலக்கிருமி கலந்திருந்தால் அப்படிக் கறுக்குமாம். முதல் பாட்டில் நிறம் மாறவே இல்லை.

சொம்புதான் காரணம். ஆளாளுக்கு முக்கி மொள்வோம், நாலு விரலும் தண்ணீருக்குள். குளோரின் கலந்த தண்ணீரிலாவது மிச்சக் குளோரின் கொஞ்சம் காவல் நிற்கும். காய்ச்சிய தண்ணீரில் அதுவும் இல்லை. அதனால்தான் சொம்பு முக்கத் தேவையில்லாத, குழாய் வைத்த டிரம் வாங்கினோம். "காய்ச்சின தண்ணியில என்னம்மா வரப்போவுது?" என்று அத்தை ஒரு வாரம் முணுமுணுத்தார். குழாயைத் திறந்தால் டம்ளர் நிறைகிறது, குனிய வேண்டாம் என்றதும் அவரே கட்சி மாறிவிட்டார்.

2021-இல் மஞ்சக்குப்பத்தில் வாங்கிய 20 லிட்டர் டிரம். மூடி திறப்பது ஊற்றும்போது மட்டும். பையனின் வயிறு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

குறையும் உண்டு. எட்டாம் மாதமே வாஷர் போய்ச் சொட்டியது. அடியில் ஒரு சொம்பு தண்ணீர் எப்போதும் தங்கும், சாய்த்துக் கொட்ட வேண்டும். பெரிய தொல்லை குழாய்தான். ஒருநாள் கழற்றிப் பார்த்தேன். உள்பக்க நட்டைச் சுற்றிக் கஞ்சி போல வழவழவென்று படிந்திருந்தது. வெளியே பளபளவென்றிருந்த டிரம்! அன்றிலிருந்து வாரம் ஒருமுறை கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றுகிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல், அதோடு தென்பெண்ணையில் திறந்துவிட்ட சாத்தனூர் அணைத் தண்ணீர் வேறு. கேஸ் தீர்ந்து காய்ச்ச வழியில்லை. வேட்டித் துணியை மடித்து வடிகட்டி, தெளிந்ததும் குளோரின் மாத்திரை போட்டோம். எங்களுக்குக் கிடைத்த மாத்திரை 20 லிட்டருக்கு ஒன்று, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிரம்மின் அளவு தெரியும் என்பதால் குழப்பமில்லை. குடமாக இருந்தால் எத்தனை லிட்டர் என்று யாருக்குத் தெரியும்? வாடைதான் பையனுக்குப் பிடிக்கவில்லை. அப்புறம், குளோரின் தண்ணீரை எவர்சில்வரில் நாள்கணக்கில் விட்டு வைக்காதீர்கள், அரிக்கும்.

இப்போது இரண்டாவது குழாய் ஓடுகிறது. வாங்குகிறவர்கள் வாஷர் இரண்டு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், தனியாகத் தேடினால் அந்த அளவு கிடைப்பதில்லை.