ரீலோடிங் கருவிகள்: காசை முதலில் எதில் போடுவது?

இங்கிலாந்தில், பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் .308 ரைபிளை வைத்து, எஃப் கிளாஸ் என்னும் தொலைதூரப் போட்டியின் எஃப்/டிஆர் பிரிவில் சுடுகிறேன். பைபாட்டில் (இருகால் தாங்கியில்) ஊன்றி, குப்புறப் படுத்து, பெரும்பாலும் 800 முதல் 1000 கெஜம். இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் நல்ல பெல்லட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கவலை முடிந்தது. எங்களுக்கோ வேலையே ரீலோடிங் மேசையில்தான் ஆரம்பம்: சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் (கேஸ்) பற்றவைக்கும் பிரைமர், பவுடர், புல்லட் எல்லாவற்றையும் நாங்களே புதிதாகப் போடுகிறோம். சில சீசன்களாக அதே கருவிகள்தான் என்பதால், எது இலக்கில் தெரிகிறது, எது மேசைக்கு மட்டும் அழகு என்று ஓரளவு சொல்ல முடியும்.

1000 கெஜத்தில் இடவலமாகப் போகும் குண்டுகளுக்குக் காற்றும் அதைக் கணித்தவரும் பொறுப்பு. மேலும் கீழுமாகச் சிதறினால்தான் ரீலோடிங்கைச் சந்தேகிக்க வேண்டும். 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) புல்லட்டின் வேகம் விநாடிக்கு 10 அடி மாறினாலே அங்கே இரண்டரை, மூன்று அங்குலம் ஏறி இறங்கும். எஃப் கிளாஸ் இலக்கின் நடுவட்டமோ சுமார் 5 அங்குலம்தான். அந்த வேகம் பவுடரின் எடையைப் பொறுத்தது. அதனால் என் பட்டியலில் முதல் இடம் கேஸை அழுத்தி வேலை செய்யும் பிரஸ்ஸுக்கு இல்லை, தராசுக்கு.

முன்பு வைத்திருந்த, பவுடரை நிறுத்துக் கொட்டும் தானியங்கி டிஸ்பென்ஸர் 0.1 கிரெய்ன் வரை காட்டும் ரகம். அது ஒரே எடை என்று சொல்லும் இரண்டு சார்ஜுகளுக்கு (ஒரு தோட்டாவுக்கான பவுடர் அளவு) நடுவே 0.2 கிரெய்ன் வரை வித்தியாசம் ஒளிந்திருக்க முடியும். .308-இல் அதுவே மேலே சொன்ன 10 அடியைத் தின்றுவிடும். போதாததற்கு, உலோகம் வளைவதை வைத்து எடை காட்டும் லோடு செல் தராசு என்பதால் அறையின் சூடு மாற மாறப் பூஜ்யமும் நகரும். இப்போது இருப்பது ஏ அண்ட் டி நிறுவனத்தின் எஃப்எக்ஸ்-120ஐ. காந்த விசையால் எடையைச் சமன்செய்யும் வகை, 0.02 கிரெய்ன் வரை காட்டுகிறது. குச்சி வடிவப் பவுடரில் அது ஏறத்தாழ ஒரே ஒரு துணுக்கு. பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும் ஆட்டோட்ரிக்லரிலிருந்து ஒரு துணுக்கு விழும்போது எண் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் இதற்கு உபசாரம் அதிகம்: முன்கூட்டியே சுவிட்சைப் போட்டு வைக்க வேண்டும், ஜன்னல் காற்றும் ஹீட்டர் விசிறியும் ஆகவே ஆகாது. நகைக்கடையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஏன் வைக்கிறார்கள் என்பது இதை வாங்கியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது கேஸ். லாபுவாவின் .308 பால்மா கேஸ் சின்ன பிரைமர் எடுக்கும். அடிப்பகுதி சீக்கிரம் தளர்வதில்லை. வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். பிரைமரின் தீப்பொறி பவுடருக்குப் போகும் துளை, அதாவது அதன் ஃப்ளாஷ் ஹோல், வழக்கத்தைவிடச் சிறியது, 1.5 மில்லிமீட்டர். பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் சாதாரண டீகேப்பிங் பின் அதில் சிக்கி, வளைந்தோ உடைந்தோ போகும். மெல்லிய பின்னையும் சேர்த்தே ஆர்டர் செய்துவிடுவது நல்லது.

சைஸிங்குக்கு, அதாவது சுட்டதில் விரிந்த கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவர, ரெடிங் டைப்-எஸ் புஷ்ஷிங் டை (கழுத்தைச் சுருக்கும் வளையத்தை மாற்றக்கூடிய அச்சு). புல்லட் பொருத்திய தோட்டாவின் கழுத்தை அளந்து, அதைவிட 0.002 அங்குலம் சிறிய புஷ்ஷிங்கைப் போடுகிறேன். கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டையைக் கழற்றியாயிற்று. கழுத்துக்குக் கீழே சரியும் ஷோல்டரை 0.002 அங்குலத்துக்கு மேல் பின்தள்ளுவதில்லை. இதை அளக்க ஹார்னடியின் கம்பாரேட்டர் போதும். விலை குறைவு, பயன் பெரிது.

பிரஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர், வார்ப்பிரும்பு. துடைத்து எண்ணெய் போடுவதைத் தவிர எதுவும் கேட்டதில்லை. கிளப்பில் ஒருவரிடம் ஃபார்ஸ்டர் கோ-ஆக்ஸ் உண்டு. டையை மரையில் திருகாமல் சொருகி எடுக்கலாம், கைக்குச் சுகம். இலக்கில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

புல்லட் பொருத்துவதற்கு மட்டும் பிரஸ்ஸை விட்டுவிட்டேன். வில்சன் சீட்டர் டை, கையால் அழுத்தும் சின்ன ஆர்பர் பிரஸ். புல்லட் உள்ளே இறங்கும்போது கழுத்து எவ்வளவு பிடிக்கிறது என்பது கைக்குத் தெரியும். இறுக்கமாக இறங்குவதைத் தனியே எடுத்து வைத்து, சைட்டர் குண்டுகளாக (புள்ளிக் கணக்கில் சேராத ஆரம்பக் குண்டுகள்) சுட்டுவிடுவேன். ஈர டம்பளரில் ஊசிகளோடு கழுவினால் கழுத்தின் உட்புறம் அளவுக்கு மீறிச் சுத்தமாகி இந்தப் பிடிப்பு கூடுகிறது. கொஞ்சம் கிராஃபைட் தடவினால் சரியாகும்.

கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கும் அனீலிங்தான் விவாதம் ஓயாத இடம். திரும்பத் திரும்பச் சுட்டு, சைஸ் செய்யச் செய்ய பித்தளை கடினமாகி, கழுத்து ஒரே மாதிரி பிடிக்காது. நியூசிலாந்தின் ஏஎம்பி இண்டக்‌ஷன் கருவி அருமையானது, விலையும் ஆயிரம் பவுண்டுக்கு மேல். தனியாளாக வாங்க நான் சொல்ல மாட்டேன். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். கருவி சும்மா கிடக்கும் நாட்களே அதிகம் என்பதால் சண்டையும் வராது.

வேகம் அளக்க, 2023-இல் வந்த கார்மின் ஸீரோ ரேடார். பழைய வேகமானிகளின் முக்காலி, கம்பி, துப்பாக்கிக் குழலில் தொங்கும் பட்டை என்ற தொல்லைகள் போயின. தராசுக்குச் செலவழித்தது வீணா என்று கேட்பவர்களிடம் இதன் எண்களைத்தான் காட்டுகிறேன்.

புல்லட் தோட்டாவோடு நேராக இருக்கிறதா என்று பார்க்கும் ரன்அவுட் கேஜ் ஒன்றும் இருக்கிறது. புஷ்ஷிங் டைக்கு மாறி, எக்ஸ்பாண்டரை எடுத்த பிறகு அதன் முள் அசைவதே அபூர்வம். புதிதாகத் தொடங்குபவர் அதை வாங்க வேண்டாம். யாரிடமாவது ஒரு மாலைக்கு இரவல் கேட்டால் போதும்.